கணக்கே காவல்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வரி. வரி என்றதும் முகம் சுருங்குகிறது, எனக்குத் தெரிகிறது. ஆனால் இந்த ஒரு மணி நேரத்தில் நான் உங்களுக்குச் சொல்ல வந்திருப்பது ஒரே ஒரு செய்திதான். சிறு வணிகரைக் கவிழ்ப்பது வரி அன்று, கணக்கு இல்லாமைதான். கணக்கு வைத்திருப்பவருக்கு வரி ஒரு செலவு. கணக்கு வைக்காதவருக்கு அதே வரி ஒரு விபத்து. இதை உங்கள் மனத்தில் பதிய வைத்துவிட்டால் என் வேலை முடிந்தது.

இதைப் பேசுவதற்கு மைசூருவை விடப் பொருத்தமான ஊர் இருக்க முடியாது. ஏன் சொல்கிறேன்? வரியையும் கணக்கையும் பற்றி இந்தியாவில் எழுந்த மிகப் பழைய நூல்களில் ஒன்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். பல நூற்றாண்டுகள் அது எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் இருந்தது. 1905-ஆம் ஆண்டு, இதே ஊரில், அரசுக் கீழ்த்திசை நூலகத்தில், ஆர். சாமசாஸ்திரி என்ற அறிஞர் அதன் ஓலைச்சுவடியைக் கண்டெடுத்தார். 1909-இல் மூலத்தை அச்சிட்டார். 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அந்தச் சுவடி எந்த எழுத்தில் இருந்தது தெரியுமா? கிரந்தத்தில். அதை நூலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் யார்? தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர். தஞ்சையிலிருந்து வந்த சுவடி மைசூருவில் உயிர் பெற்று உலகம் முழுவதும் போனது!

அந்த நூல் வரி விகிதங்களை மட்டும் சொல்லிவிட்டு நிற்கவில்லை. கணக்கு அலுவலகத்துக்கென்றே அதில் தனி அத்தியாயம் இருக்கிறது. ஆஷாட மாதத்தில் கணக்குப் புத்தகங்களோடு அதிகாரிகள் வந்து நிற்க வேண்டும், தாமதித்தால் தண்டம் என்று அது விதிக்கிறது. ஆஷாடம் என்பது ஏறக்குறைய நம் ஜூலை மாதம். இன்று சம்பளமோ ஓய்வூதியமோ பெறும் தனிநபர்கள் வருமான வரி ரிட்டன் தாக்கல் செய்வதற்கு வழக்கமான கெடு எது? ஜூலை 31. இரண்டாயிரம் ஆண்டுகளில் ஆட்சிகள் மாறின, நாணயங்கள் மாறின. கணக்கு காட்ட வேண்டிய மாதம்கூட மாறவில்லை!

அன்பர்களே, பழங்கதையிலிருந்து நேற்றைய கதைக்கு வருவோம்.

2025 ஜூலை மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கர்நாடக வணிக வரித்துறையிலிருந்து ஆயிரக்கணக்கான சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் வந்தது. டீக்கடைக்கு வந்தது, பேக்கரிக்கு வந்தது, காய்கறிக் கடைக்கும் வந்தது. 2021-22 முதல் 2024-25 வரை யுபிஐ வழியாக அவர்கள் கணக்கில் எவ்வளவு பணம் வந்தது என்ற விவரத்தைத் துறை வாங்கிப் பார்த்தது. வரம்பைத் தாண்டியும் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்களிடம் விளக்கம் கேட்டது. காய்கறி விற்கும் ஒருவருக்கு ஏறத்தாழ 29 லட்சம் ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது! அப்படியிருந்தும் அந்தத் தாளைக் கையில் வாங்கியவருடைய அன்றைய இரவு எப்படிக் கழிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பிறகு என்ன நடந்தது? கடைகளில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டைகள் கிழிந்தன. ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று கையால் எழுதிய அட்டைகள் தொங்கின. ஜூலை 25-இல் கடையடைப்பு என்று வணிகர்கள் அறிவித்தார்கள். ஜூலை 23 அன்று முதலமைச்சர் சித்தராமையா, நம் மைசூரு மாவட்டத்துக்காரர், நிதித் துறையையும் அப்போது தம் கையில் வைத்திருந்தவர், வணிகர்களை அழைத்துப் பேசினார். பதிவு செய்துகொள்பவர்களிடம் பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், வரி விலக்குள்ள பொருளை விற்பவர்கள் மீது நடவடிக்கை தொடராது என்று உறுதி சொன்னார். புயல் அடங்கியது.

புயல் அடங்கியது சரி. பாடம் படித்தோமா? இதுதான் என் கேள்வி.

கியூஆர் அட்டையைக் கிழித்தால் கணக்கு கிழிந்துவிடுமா? நான்கு ஆண்டு வரவு வங்கியின் ஏட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. அடுத்தவர் ஏட்டில் உங்கள் கணக்கு இருக்கிறது. உங்கள் ஏட்டில் உங்கள் கணக்கு இல்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. யுபிஐ-யில் வந்த பணம் எல்லாம் விற்பனையா? இல்லவே இல்லை. ஊரிலிருந்து தம்பி அனுப்பிய பணம் இருக்கும். பக்கத்துக் கடைக்காரர் திருப்பித் தந்த கைமாற்று இருக்கும். ஏலச்சீட்டுப் பணம் இருக்கும், மகள் கல்யாணத்துக்கு வந்த மொய்யும் இருக்கும். அவை எதுவும் விற்பனை ஆகாது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் யார்? நீங்கள். எதைக் கொண்டு சொல்வீர்கள்? கணக்கைக் கொண்டு. அதனால்தான் சொல்கிறேன்: கணக்கே காவல்.

சரி, ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு என்ன? இதை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய். சேவை தருபவருக்கு 20 லட்சம் ரூபாய். உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல் சேவையில் சேரும். தையல் கூலியும் பழுது பார்க்கும் கூலியும் சேவைதான்.

40 லட்சம் என்றால் மலைப்பாக இருக்கிறது. 365 நாளால் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 11,000 ரூபாய்கூட இல்லை. 20 லட்சத்துக்கு நாளுக்கு ஏறத்தாழ 5,500 ரூபாய். தேவராஜா மார்க்கெட்டைச் சுற்றிலும், சயாஜி ராவ் சாலையிலும், மண்டி மொகல்லாவிலும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நீங்களே சொல்லுங்கள். நாளுக்கு 11,000 ரூபாய் விற்பது பெரிய முதலாளியா? ஒரு நடுத்தர மளிகைக் கடை! நாம் சிறு கடைதானே, நம்மை யார் கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பது இந்த ஒரு வகுத்தலில் புரிந்துவிடும். இந்த வரம்பு லாபத்துக்கு உரியது இல்லை, விற்பனைக்கு உரியது. நூற்றுக்கு ஐந்து ரூபாய் லாபத்தில் வியாபாரம் செய்பவருக்கும் இதே வரம்புதான்.

விலக்கு யாருக்கு? காய்கறி, பழம், பூ, வெற்றிலை மட்டுமே விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி இல்லை, பதிவும் வேண்டாம், எத்தனை லட்சம் விற்றாலும் சரி. மைசூரு மல்லிகை விற்கும் அம்மாவும், நஞ்சன்கூடு வாழைப்பழம் விற்கும் ஐயாவும் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் ‘மட்டுமே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். காய்கறியோடு சோப்பும் பிஸ்கட்டும் வைத்து விற்கிறீர்களா? அப்போது இரண்டும் சேர்ந்துதான் வரம்பு. காய்கறி 30 லட்சம், சோப்பும் பிஸ்கட்டும் 12 லட்சம், மொத்தம் 42 லட்சம். பதிவு கட்டாயம். வரி எதற்கு? அந்த 12 லட்சத்துக்கு மட்டும். எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது எது? மறுபடியும் கணக்குதான்!

இப்போது ஓர் உதாரணத்தை விரிவாகப் பார்ப்போம். ஒரு மளிகைக் கடை. பெயர் வேண்டாம், உங்கள் கடை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு விற்பனை 60 லட்சம், அத்தனையும் வரிக்குரிய பொருள். அதில் 45 லட்சம் யுபிஐ வழியாகவும் வங்கி வழியாகவும் வருகிறது; 15 லட்சம் ரொக்கம்.

முதலில் ஜிஎஸ்டி. ஆண்டு விற்பனை 1.5 கோடி வரை உள்ளவர்களுக்குக் காம்போசிஷன் திட்டம் இருக்கிறது. வணிகருக்கு நூற்றுக்கு 1 ரூபாய். ஓட்டலுக்கு 5 ரூபாய். 60 லட்சத்துக்கு 1 சதவிகிதம் என்றால் ஆண்டுக்கு 60,000 ரூபாய், மாதம் 5,000. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பணம் கட்ட வேண்டும், ஆண்டுக்கு ஒரு ரிட்டன். அவ்வளவுதான். இதற்கு நிபந்தனைகளும் உண்டு. வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது. கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. சாம்ராஜ்நகரைத் தாண்டி ஈரோட்டுக்கோ கோவைக்கோ சரக்கு அனுப்புகிறீர்கள் என்றால் இந்தத் திட்டம் உங்களுக்கு ஆகாது. சாதாரணப் பதிவுதான் எடுக்க வேண்டும்.

பதிவே செய்யாமல் இருந்தால் என்ன ஆகும்? பின்னால் பிடிபடும்போது காம்போசிஷன் சலுகையைக் கடந்த ஆண்டுகளுக்குக் கேட்க முடியாது. 18 சதவிகிதப் பொருள்களாக இருந்தால் 60 லட்சத்துக்கு 10,80,000 ரூபாய். அதற்கு மேல் வட்டி, அதற்கும் மேல் அபராதம். இந்தப் பக்கம் 60,000. அந்தப் பக்கம் 10,80,000. இரண்டும் ஒரே கடை, ஒரே வியாபாரம். இடையில் உள்ள வேறுபாடு, காலத்தில் போட்ட ஒரு விண்ணப்பம்! அந்த விண்ணப்பமும் இப்போது எளிதாகிவிட்டது. 2025 நவம்பர் 1 முதல், இடர் குறைவான சிறு விண்ணப்பதாரர்களுக்கு மூன்று வேலை நாளில் பதிவு தரும் முறை வந்திருக்கிறது.

அடுத்து வருமான வரி. விற்பனை 2 கோடி வரை உள்ள சிறு வணிகருக்கு உத்தேச லாப முறை உண்டு. வங்கி வழி வந்த விற்பனையில் 6 சதவிகிதம், ரொக்கத்தில் 8 சதவிகிதம் லாபம் என்று காட்டலாம். உண்மை லாபம் அதைவிடக் கூடுதல் என்றால் கூடுதலைத்தான் காட்ட வேண்டும். நம் கடைக்குப் போட்டுப் பார்ப்போம். 45 லட்சத்தில் 6 சதவிகிதம் 2,70,000. 15 லட்சத்தில் 8 சதவிகிதம் 1,20,000. மொத்தம் 3,90,000 ரூபாய். இதற்கு வருமான வரி எவ்வளவு? ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். யுபிஐ வரவுக்கு 6, ரொக்கத்துக்கு 8. சட்டமே யுபிஐ வாங்குபவருக்குச் சலுகை தருகிறது. கியூஆர் அட்டையைக் கிழித்தவர் தமக்குக் கிடைக்க வேண்டிய சலுகையையும் சேர்த்துக் கிழித்துவிட்டார். வாடிக்கையாளரையும் அடுத்த கடைக்கு அனுப்பிவிட்டார்.

தோழர்களே, இனி மாற்றங்களுக்கு வருகிறேன். மாற்றம் மூன்று.

முதல் மாற்றம், ஜிஎஸ்டி விகிதம். 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சிலின் 56-ஆம் கூட்டம் முடிவு செய்தது. செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த நாள் நமக்கு எந்த நாள்? சாமுண்டி மலையில் எழுத்தாளர் பானு முஷ்தாக் தசராவைத் தொடங்கி வைத்த அதே நாள்! 12, 28 என்ற இரண்டு படிகள் பெரும்பாலும் மறைந்தன. 5, 18 நின்றன. சொகுசுப் பொருள் போன்றவற்றுக்கு 40 என்று தனிப் படி. குளியல் சோப்பு 18-லிருந்து 5 ஆனது; மைசூர் சாண்டல் சோப்புக்கும் அதுதான். தலைக்கு எண்ணெய், பற்பசை 18-லிருந்து 5. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5; மைசூர்பாகு கிண்டுகிறவர்களுக்கு நல்ல செய்தி. நம் ஊர் ஈட்டி மரத்து இழைப்பு வேலை போன்ற கைவினைப் பொருள்கள் 12-லிருந்து 5. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள விடுதி அறை 12-லிருந்து 5. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும், தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கும் வரியே இல்லை. சாதாரணப் பதிவில் இருப்பவர்கள் பில் போடும் கணினியில் பழைய விகிதம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நாளைக் காலையே பாருங்கள். குறைந்த வரி வாடிக்கையாளருடைய பணம். அதை அவர் கையில் சேர்ப்பது நம் நாணயம்.

இரண்டாவது மாற்றம், வருமான வரி விகிதம். 2025-26 நிதியாண்டு முதல், புதிய முறையில், ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடி காரணமாக வரி இல்லை. சம்பளக்காரருக்கும் ஓய்வூதியருக்கும் நிலையான கழிவு 75,000 சேர்ந்து 12,75,000 வரை இல்லை. இதைக் கேட்டதும் பலர் ரிட்டனே வேண்டாம் என்று நினைத்துவிட்டார்கள். வரி இல்லை என்பது வேறு, ரிட்டன் வேண்டாம் என்பது வேறு! 4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டன் தாக்கல் செய்ய வேண்டும். செய்தால்தான் அந்தத் தள்ளுபடி கிடைக்கும். மனை விற்ற லாபத்துக்கும் பங்கு விற்ற லாபத்துக்கும் உரிய தனி விகித வரிக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது, அதையும் மறக்காதீர்கள். வீட்டுக் கடன் வட்டி, வாடகைப்படி, சேமிப்பு எல்லாம் கனமாக உள்ளவர்கள் பழைய முறையையும் போட்டுப் பார்த்து எது லாபமோ அதை எடுங்கள். ஆனால் பழைய முறை வேண்டுமென்றால் கெடுவுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். வியாபார வருமானம் உள்ளவர் முறையை நினைத்தபடி மாற்றிக்கொண்டிருக்க முடியாது, யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மூத்தவர்களே, வங்கி வட்டி ஆண்டுக்கு 1 லட்சம் வரை இனி பிடித்தம் இல்லை. முன்பு இந்த வரம்பு 50,000-ஆக இருந்தது.

மூன்றாவது மாற்றம், சட்டமே மாறுகிறது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் விடைபெறுகிறது. 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம், 536 பிரிவுகளோடு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்று நம்மைக் குழப்பிய இரட்டைப் பெயர் போய், ‘வரி ஆண்டு’ என்ற ஒரே பெயர் வருகிறது. 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு ரிட்டன் தாக்கல் செய்கிறீர்களா? அதற்குப் பழைய சட்டம்தான். 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டுவதற்குப் புதிய சட்டம். யாராவது வந்து, புதிய சட்டம் வந்துவிட்டது, பழைய கணக்கைத் தூக்கிப் போடு என்று சொன்னால் நம்பாதீர்கள்.

மாற்றங்களைச் சொல்லிவிட்டேன். ஆயத்தம் எப்படி?

கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு, தனி கியூஆர் அட்டை. இதுதான் முதல் வேலை. வீட்டுப் பணம் அதில் நுழையக் கூடாது, மொய்ப் பணம் நுழையக் கூடாது, கைமாற்று நுழையக் கூடாது. இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் அந்த ஜூலை மாதத்தில் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.

தினமும் கடை சாத்தும் முன் நான்கு எண்களை எழுதுங்கள். இன்றைய ரொக்க விற்பனை, யுபிஐ விற்பனை, கொள்முதல், செலவு. தமிழில் எழுதுங்கள், கன்னடத்தில் எழுதுங்கள், எந்த மொழியானாலும் சரி. ஐந்து நிமிட வேலை. கொள்முதல் பில் இல்லாமல் சரக்கு எடுக்காதீர்கள். எடுத்த பில்லை மாத வாரியாகக் கோத்து வையுங்கள். ஆறு ஆண்டுகளுக்குமேல் பத்திரமாக இருக்கட்டும். மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். ஆண்டு விற்பனை 30 லட்சத்தைத் தொட்டுவிட்டதா? 40-ஐத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றே ஆடிட்டரைப் போய்ப் பாருங்கள். உத்தேச முறையில் வரி கட்ட வேண்டியவர்களுக்கு மார்ச் 15 முன்வரிக் கெடு, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிட்டனுக்கு முன் வருமான வரித் தளத்தில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, அவர்கள் ஏட்டில் இருப்பதும் உங்கள் ஏட்டில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தாக்கல் செய்த 30 நாளுக்குள் மின் சரிபார்ப்பை முடியுங்கள். 2025-இல் கெடு செப்டம்பர் 16 வரை நீண்டது. அதை நம்பி இந்த ஆண்டும் உட்கார்ந்திருக்காதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பல கடைகளில் கணக்கு உங்கள் மனத்தில் இருக்கிறது. யார் எவ்வளவு பாக்கி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறீர்கள். அதைத் தாளுக்குக் கொண்டுவாருங்கள். நோட்டீஸ் வரும் நாளில் மனக்கணக்கு சாட்சி சொல்லாது, எழுதிய கணக்குதான் சொல்லும். நாளை கடையைப் பெரிதாக்க வங்கிக்குப் போகிறீர்கள். அங்கே கேட்பது என்ன? கடந்த ஆண்டுகளின் ரிட்டன். கணக்கு உங்களைக் காப்பதோடு நிற்காது, வளர்க்கவும் செய்யும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் இந்த உரை ஒருதலையாகிவிடும். கேட்பதற்கு முன் கற்பிக்க வேண்டும். நான்கு ஆண்டுத் தகவலைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் தலையில் இறக்குவது முறையா? முதல் ஆண்டே, வரம்பைத் தாண்டுகிறீர்கள், பதிவு செய்யுங்கள் என்று அவரவர் மொழியில் ஒரு குறுஞ்செய்தி போதும். காய்கறி விற்பவரையும் கைப்பேசி விற்பவரையும் ஒரே சல்லடையில் போடக் கூடாது. இயந்திரம் தரும் பட்டியலை மனிதர் ஒருவர் பார்த்துத் தேர்ந்த பிறகுதான் நோட்டீஸ் போக வேண்டும். வரி கட்டத் தயாராக இருக்கும் வணிகனை அச்சுறுத்தி ரொக்கத்துக்குத் துரத்தினால் இழப்பு கடைக்காரனுக்கு மட்டும் இல்லை, கருவூலத்துக்கும்தான்.

உரிமையோடு அதைக் கேட்போம். கேட்கும் தகுதி நமக்கு எப்போது வரும்? நம் ஏடு நேராக இருக்கும்போது.

அன்பு நெஞ்சங்களே, நிதியாண்டு முடியும்வரை காத்திருக்காதீர்கள். அதற்குள் கடைக்குத் தனி வங்கிக் கணக்கைத் தொடங்குங்கள். ஏப்ரல் முதல் இன்றுவரை வந்த யுபிஐ விவரத்தை வங்கியிலிருந்து எடுத்து, விற்பனை எது, கைமாற்று எது என்று ஓரத்தில் எழுதுங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் பதிவு செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்ததைப் பக்கத்துக் கடைக்காரருக்கும் சொல்லுங்கள். அவர் எந்த மொழி பேசினாலும் சொல்லுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் இன்றைய விற்பனையை எழுதிவிட்டுப் படுங்கள்.